ஏலக்கா விட்ட மந்திர ஏலம்

முட்டுக்காட்டில் கிளம்பி செய்யூர் சவுக்குத் தோப்பு வரைக்கும் கடலோரமாக நடந்தே போனாலும் ஏலக்காவைப் போல இன்னொரு ஆளைப் பார்க்க முடியாது. பார்த்தேன் என்று நீங்கள் அடித்துச் சொன்னால், நீங்கள் பார்த்தது ஏலக்காவைத்தான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். காலையில் படகுகள் கரையேறியதும் மீனை மணலில் கொட்டி ஏலம் விடுவார்கள். விடுபவர் இந்த அக்கா. ஏலம் விடும் அக்கா என்பது ஏலம் அக்கா ஆகி, அதையும் முழுசாகச் சொல்ல ஊர் நாக்குக்குச் சோம்பல் வந்து ஏலக்கா ஆகிவிட்டது. சொந்தப் பெயர் ஆதார் கார்டில் பத்திரமாக இருந்திருக்கும். வெளியூர் வியாபாரி ஒருவர் பெயரைக் கேட்டுவிட்டு, "இங்க ஏலக்காய் கிலோ எவ்வளவுக்குப் போகுது?" என்று விசாரித்ததாக ஒரு கதை உண்டு. அவருக்கு அன்றைக்குச் சங்கரா மீன் கூடக் கிடைக்கவில்லை.

குரல் என்றால் அது குரல். "ஒரு தரம்!" என்று அவர் ஆரம்பித்தால் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். மணலில் தூங்கும் நாய் எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது காலை ஏலத்தைப் பற்றி அல்ல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து ஏலத்தைப் பற்றி. அதில் மீன் கிடையாது. மந்திரச் செருப்பு, மாய வலை, பேசும் கேடயம் என்று சரக்கே வேறு.

அது ஒரு ஆட்டம். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதையில் ஆளுக்கொரு பாத்திரம். வீரன், திருடன், சூனியக்காரி, யார் வேண்டுமானாலும். "நான் அந்தக் கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். உடையுமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். உலகம் பூராவும் பெரிய பெரிய புத்தகங்களை வைத்துக்கொண்டு இதை விளையாடுகிறார்கள். பி.காம். படித்த கையோடு ஏலக்கா ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்திருக்கிறார். அலைச்சறுக்கு விளையாட வந்த வெளிநாட்டுக்காரர்கள் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் அறைக்குள்ளேயே இந்த ஆட்டத்தை ஆட, அவர்களுக்கு டீ கொண்டுபோன அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீ ஆறிப் போனது. போகும்போது அவர்கள் புத்தகத்தையும் பகடையையும் அவரிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

"தமிழ்நாட்லயே இந்த ஆட்டத்துல நான்தான் நம்பர் ஒன்னு. ரெண்டாவது யாருன்னு தெர்யாது. இருந்தா வரச்சொல்லு." தன்னடக்கம் என்ற சரக்கு அக்காவின் கரையில் இறங்கியதே இல்லை.

நான் அப்போது செங்கல்பட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். அறைத் தோழன் ஜெரால்டு, படாளத்துக்காரன், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான். ஏலக்கா வீட்டு மொட்டை மாடி, தகரக் கூரை. ரெண்டு ஐஸ் பெட்டிகளின் மேல் உடைந்துபோன அலைச்சறுக்குப் பலகை ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதுதான் மேசை. பலகைக்குச் சொந்தக்காரி தேவி, அதே குப்பத்துப் பெண். வெளியூர்க்காரர்களுக்கு அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்.

"இன்னா வேல பாக்குறே நைனா?" என்றார் அக்கா.

"பர்ச்சேஸ்ங்க்கா."

"அப்ப நீ பர்ச்சேஸு. குந்து."

என் பெயரை அவர் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

அக்காவின் கதை நடக்கும் உலகம் நம்ம ஊர்தான். செய்யூர் சவுக்குத் தோப்பில் பூதங்கள். படாளத்துக் கரும்புக் காட்டில் ஒரு ராட்சசன். முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கு அடியில் ஒரு டிராகன். சுற்றுலாப் படகுகளை வேர்க்கடலை மாதிரி உரித்துத் தின்னும். அதைக் கொல்வதுதான் எங்கள் லட்சியம். நான் இரும்பன் என்ற வீரன், ஜெரால்டு எலி என்ற திருடன், தேவி பவளம் என்ற சூனியக்காரி.

டிராகனைக் கொல்ல மந்திர வாள் வேண்டும் என்று எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் தொழில் புத்தியோடு போனேன்.

"அக்கா, எங்கிட்ட ஐந்நூறு பொற்காசு இருக்கு. நெருப்பு வாள் ஒண்ணு. எந்தக் கடையில கிடைக்கும்? மூணு கடையில கொட்டேஷன் வாங்கிடலாம்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டப்பு குடுத்தா கெடைக்கிறது மந்திரமாடா? அது மிக்சி."

அன்றைக்குத்தான் எனக்கு ஏலக்காவின் வீட்டு விதிகள் தெரிய வந்தன. புத்தகத்தில், மந்திரப் பொருள் செய்ய இவ்வளவு காசு, இத்தனை நாள் என்று கணக்குப் போட்டிருக்கும். அந்தப் பக்கத்தை அக்கா பேனாவால் அடித்துவிட்டிருந்தார். அவருடைய உலகத்தில் மந்திரப் பொருளை யாரும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. செய்யத்தான் முடியும். அதையும் உனக்காக நீ செய்துகொள்ள முடியாது. பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் செய்ய முடியும். செய்கிறவன் தன்னிடம் இருப்பதில் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அது போய்விட்டதே என்று அவன் நிஜமாகவே வருந்துகிற மாதிரி இருக்க வேண்டும்.

அதற்குத்தான் ஏலம். முதலில் பகடையில் குறைந்தது பதினெட்டு விழ வேண்டும் என்று அக்கா ஆரம்பிப்பார். நாம் விட்டுக்கொடுப்பதாகச் சொல்லச் சொல்ல அந்த எண் இறங்கிக்கொண்டே வரும். மூணு தரம் சொன்னதும் பகடையை உருட்டிவிட வேண்டும். விழுந்தால் பொருள் வரும். விழாவிட்டால் பொருளும் இல்லை, கொடுத்ததும் போச்சு.

ஜெரால்டின் திருடனுக்குச் சத்தமே போடாத செருப்பு செய்து தர நான் முன்வந்தேன்.

"இன்னா குடுக்குறே?"

"என் குதிரையோட வாலு."

"குதிரைய கேட்டியா? அது ஒத்துக்கிச்சா? உன்னுத குடு நைனா. பதினெட்டு... ஒரு தரம்!"

"என் மீசை."

"அது ரெண்டு வாரத்துல மொளச்சிரும். பதினேழு. ரெண்டு தரம்!"

என் இரும்பன் எங்கே போனாலும் விசில் அடித்துக்கொண்டே போவான். அந்த விசிலைக் கேட்டுத்தான் குதிரை ஓடி வரும். "விசிலைத் தர்றேன். இனிமே ஆயுசுக்கும் அவனுக்கு விசில் வராது" என்றேன்.

"குதிரைக்கு எப்படிடா தெர்யும் நீ கூப்புட்றது?" என்று தேவி மெல்லக் கேட்டாள்.

"தெரியாது. நானே போய்த் தேடிக்கறேன்."

"ஒம்போது!" என்று அக்கா பலகையில் ஓங்கி அறைந்தார். "மூணு தரம்! உருட்டு!"

பதினொன்று விழுந்தது. செருப்பு வந்தது. கூடவே அக்காவின் கடைசி விதியும் வந்தது: எந்தப் பொருளிலும் ஒரு குறை இருக்கும், அது என்ன என்பதை அவர்தான் முடிவு செய்வார். செருப்பு போட்டவன் நடந்தால் சத்தம் வராது. அதற்குப் பதில் வயிறு கடமுடவென்று உறுமும். பூதங்கள் தூங்கும் குகையில் எலி பூனை போல நடந்து போக, அவன் வயிறு லாரி கியர் மாற்றுகிற மாதிரி கத்தியது. பூதங்கள் விழித்துக்கொண்டன. ஜெரால்டு மாடியில் எழுந்து நின்று, "அக்கா, நான் சாப்ட்டுதானே வந்தேன்!" என்று கெஞ்சினான்.

"நீ சாப்ட்டே. எலி சாப்டல."

இன்னொரு முறை தேவி எங்களுக்கு ஒரு மாய வலை செய்து தந்தாள். எதையும் பிடித்துவிடும். குறை என்னவென்றால், உள்ளே மாட்டினவர்களில் யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்டால்தான் அவிழும். தவறிப்போய் இரும்பனும் எலியும் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். யார் மேல் தப்பு என்பதில் எங்களுக்குள் சண்டை வந்து, செங்கல்பட்டு அறையிலும் ஜெரால்டும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அறையில் அவன் சோறு வடித்தால் நான் ஓட்டலுக்குப் போவேன். கடைசியில் ஒரு நாள் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே, "சரி மச்சான், சாரி" என்றான். நான் உடனே அக்காவுக்கு போன் போட்டு, "அக்கா, வலை அவுந்துருச்சு" என்றேன். பக்கத்தில் நின்ற கண்டக்டர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெங்களூரிலிருந்து ஒரு இளைஞர் ஒருமுறை வந்து உட்கார்ந்தார். நன்றாக ஆடக்கூடியவர், ஆனால் எதற்கெடுத்தாலும் புத்தகம். "மேடம், புக்ல இப்படி ரூல் இல்லையே" என்றார் மூன்றாம் முறையாக.

"புக்கு எழுதுனவரு இங்க வந்து குந்திகினு கீறாரா?"

"இல்ல..."

"நான் குந்திகினு கீறேன். இன்னா குடுக்குறே சொல்லு."

அவர் ஆடிய பாத்திரத்துக்கு அம்மா பாடிய பாட்டு ஒன்று ஞாபகம் இருக்கும். ஆட்டம் முடிவதற்குள் அதைத் தேவியின் சூனியக்காரிக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடல் காற்றில் உப்பு ஜாஸ்தி என்றார். நாங்களும் ஜாஸ்திதான் என்றோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ரெண்டு தரம்" என்று சொன்ன அக்காவுக்கு "தரம்" வரவில்லை. வெறும் காற்று வந்தது. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி முயன்றார். தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம்.

"இது எத்தினி நாளா கீதுக்கா?" ஜெரால்டு நர்ஸாக மாறிக் கேட்டான்.

"சளி."

"சளியா? கரையிலயும் இப்படித்தான் கீது. எனக்குத் தெர்யும்" என்றாள் தேவி. "மைக் வச்சிக்கோன்னா திட்றா."

ஜெரால்டு மறுநாளே கையைப் பிடித்து இழுக்காத குறையாக அக்காவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். குரல் நாணில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சை செய்து எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரைக்கும் தேவி கடலில் இறங்கவில்லை. கம்பெனியில் போல்ட்டுக்கு ஆர்டர் போடச் சொன்னார்கள், நான் நட்டுக்குப் போட்டேன். கெட்ட கட்டி இல்லை என்று முடிவு வந்த அன்று ஜெரால்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் போவோர் வருவோருக்கெல்லாம் கைகொடுத்தான்.

ஆனால் டாக்டர் ஒன்று சொல்லிவிட்டார். சில வாரங்களுக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதற்கப்புறம் பேசலாம், கத்துவது மட்டும் இனிமேல் இல்லை. பழைய குரல் வராது.

ஏலக்காவிடம் போய்ப் பேசாதே என்பது கடலிடம் போய் நகராதே என்பது மாதிரி. முதல் இரண்டு நாள் தட்டு, டம்ளர், கதவு என்று எல்லாவற்றையும் அடித்துப் பேசினார். ஜெரால்டு அவர் கைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தான். எழுதினால் அது சத்தமாகப் படிக்கும். அக்கா எழுதுவது அவர் பாஷை. படிக்கிற குரலோ செய்தி வாசிப்பவர் குரல். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, கணீரென்ற தூய உச்சரிப்பில், "இன்னாய்யா. பேஜாரு. பண்ற. தள்ளி. குந்து" என்று அது வாசித்தபோது அந்த மனிதர் பயந்துபோய்க் கும்பிட்டுவிட்டார்.

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. பகடைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி தேவியிடம் நீட்டினார். கைபேசி வாசித்தது: "ஆட்டம். முடிஞ்சிது. வூட்டுக்குப். போங்க."

அவர் கண்ணைப் பார்க்கிற தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை. குரல் என்பது அவருக்குத் தொழில், ஞாயிற்றுக்கிழமை, கௌரவம் எல்லாமும். நாங்கள் ஏறிய பஸ் பைபாஸில் திரும்பும்போது ஜெரால்டு சொன்னான்: "மச்சான், நாம அக்காவுக்கு ஒரு குரல் செய்வோம்."

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் மாடியில் ஆஜர். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். தேவி டப்பாவைத் திறந்து பகடையைப் பலகை மேல் வைத்தாள். "அக்கா, ஒரு மந்திரச் சங்கு செய்யப்போறோம். அத்த வச்சிருந்தா குரல் திரும்பி வரும். உனக்கு."

அக்கா துணியை வீசிவிட்டு வேகமாக எழுதினார். "நான். கதைல. இல்ல. கதை. சொல்றவ."

"இல்லியா?" என்றான் ஜெரால்டு. "பூதம் யாரு? டிராகன் யாரு? எலிக்குச் சோறு போடாத ஓட்டல்காரி யாரு? எல்லாம் நீதானே? எங்கள விட நீதான் கதைல ஜாஸ்தி கீறே."

அவருடைய கதையை வைத்தே அவரை மடக்கியது அதுதான் முதல் தடவை.

ஏலம் விடத் தேவி எழுந்து நின்றாள். அவளுக்குச் சின்னக் குரல். "பதினெட்டு..." என்றாள்.

"இரும்பனோட பேரைத் தர்றேன்" என்றேன். "இனிமே அவனை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவன் செஞ்சது எதுவும் அவன் செஞ்சதுன்னு தெரியாது."

"பதிமூணு. ஒரு தரம்."

"எலியோட அதிர்ஷ்டம்" என்றான் ஜெரால்டு. "மொத்தமா."

"எட்டு. ரெண்டு தரம்." தேவி தன் பங்கையும் வைத்தாள். "பவளத்தோட மந்திரம். எல்லாம். ஒண்ணும் மிச்சம் வச்சிக்கல. நாலு."

அப்போது அக்கா சட்டென்று கையைத் தூக்கினார். பலகை ஓரத்தில் இருந்த களிமண் டிராகன் பொம்மையை எடுத்து நடுவில் வைத்தார். பார்த்துப் பார்த்து வளர்த்த டிராகன். அதை விட்டுக்கொடுக்கிறாராம்.

"செல்லாதுக்கா" என்றான் ஜெரால்டு. "தனக்குத்தானே செஞ்சிக்கக் கூடாது. உன் ரூலு."

அக்கா தன் தலையில் தானே அடித்துக்கொண்டு பொம்மையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"நாலு. மூணு தரம்!" தேவி உருட்டினாள். நாலோ அதற்கு மேலோ எது விழுந்தாலும் போதும். பகடை பலகையின் விரிசல் வரைக்கும் ஓடி, சாய்ந்து, நின்றது.

மூன்று.

ஜெரால்டின் விரல் மெதுவாகப் பகடை பக்கம் நகர்ந்தது. அக்கா படாரென்று அந்தக் கையில் ஒன்று வைத்தார். அவர் மேசையில் விழுந்தது விழுந்ததுதான். அவருக்காகவே ஆனாலும் சரி.

சங்கு இல்லை. பெயர் போச்சு, அதிர்ஷ்டம் போச்சு, மந்திரமும் போச்சு. தேவி அழ ஆரம்பித்தாள். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்புறம் கைபேசியை எடுத்து ரொம்ப நேரம் எழுதினார். செய்தி வாசிப்பவர் வாசித்தார்:

"பேரு இல்லாத வீரன். மந்திரம் இல்லாத சூனியக்காரி. அதிர்ஷ்டம் இல்லாத திருடன். எதுக்க டிராகன் வந்துகினு கீது. இதுங்கள நடுத்தெருவுல வுட்டுட்டு நான் எங்க போவேன். அடுத்த ஞாயிறு சீக்கிரம் வாங்க. அறிவு கெட்டதுங்களா."

அந்தத் தூய உச்சரிப்பில் எங்களை யாரும் அதுவரை திட்டியதில்லை. நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

பிறகு வாரக்கணக்கில் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கதை சொன்னார். கையாலும் புருவத்தாலும் சொன்னார். ஈயத் தட்டை அவர் உருட்டினால் அது டிராகன் திரும்பிப் படுக்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது. அந்த டிராகனைக் கடைசியில் நாங்கள் கொல்லவே இல்லை. பெயர் இல்லாத என் வீரனை டிராகனால் கூப்பிட முடியவில்லை. கூப்பிட முடியாதவனைப் பிடிக்கவும் முடியவில்லை. அது அலுத்துப்போய், கழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது. அதற்கு நிகரான ஒரு ஆட்டத்தை உலகத்தில் எந்த மேசையிலும் யாரும் ஆடியிருக்க மாட்டார்கள். இதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரத் தயார்.

பெங்களூர் இளைஞரிடமிருந்து அப்புறம் தகவல் வந்தது. அங்கே அவர்கள் ஆடும் மேசையில் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அவர்களும் அடித்துவிட்டார்களாம். ஏலக்கா விதி என்றே பெயராம். அதை அக்காவிடம் காட்டியபோது, "இன்னும் ரெண்டாவது ஆளு வர்ல போல" என்றார். அதற்குள் பேச அனுமதி வந்திருந்தது. குரல் கரகரவென்று, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வந்தது.

எனக்கு ஊர் மாற்றல் ஆகிவிட்டது. போன மாதம் புது அலுவலக நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு, விடியற்காலையில் அந்தக் கரைக்குப் போனேன். படகுகள் வந்திருந்தன. வஞ்சிரமும் சங்கராவும் மணலில் குவிந்திருந்தன. வியாபாரிகள் வழக்கம்போல ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா வந்து நின்றார். வாயைத் திறந்தார்.

அவ்வளவுதான். கரை மொத்தமும் அடங்கியது. அந்தச் சின்னக் குரல் காதில் விழ வேண்டும் என்று முரட்டு ஆட்கள் எல்லாம் குனிந்து நின்றார்கள். பின்னால் இருமிய ஒருவரைப் பக்கத்தில் இருந்தவர் முறைத்தார். "ஒரு தரம்" என்று அவர் மெல்லச் சொன்னது, அலைச் சத்தத்துக்கு நடுவே, எங்கள் வரைக்கும் கேட்டது.

"யாருங்க இவங்க?" என்று நண்பர் என் காதில் கிசுகிசுத்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

"எங்க அக்கா."